எஃப்ஓஐ படிக்க எது சரி: கொஸ்டின் பேங்க்கா, ஹேண்ட்புக்கா, சீனியர் இன்ஸ்ட்ரக்டரா?

அமெரிக்காவுல ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர் ஆக நல்லா ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, சொல்லிக்கொடுக்குற முறையப் பத்தி அந்த நாட்டு விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ தனியா ஒரு எழுத்துத் தேர்வு (ரிட்டன்) வைக்குது, அதான் எஃப்ஓஐ, அதாவது ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்ஸ்ட்ரக்டிங். 50 கேள்வி, எல்லாமே ஆப்ஷன் டைப், 70 சதவீதம் வந்தா பாஸ். ஸ்கூல்ல 7ஆம் கிரேடோ அதுக்கு மேலயோ சொல்லிக்கொடுக்க லைசென்ஸ் வெச்சிருக்கிற டீச்சருக்கும், அங்கீகாரம் இருக்கிற காலேஜ்ல சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கும், ஏற்கனவே ஃபிளைட் இல்லைன்னா கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் சர்டிஃபிகேட் வெச்சிருக்கிறவங்களுக்கும் இந்த ரிட்டன் வேண்டாம், மத்தவங்க எழுதித்தான் ஆகணும்.

நிறைய பேர் கொஸ்டின் பேங்க் ஆப்ப எடுத்து மடமடன்னு முடிச்சிடுறாங்க, மார்க்கும் நல்லாவே வரும். ஆனா செக்ரைடுல, அதாவது எக்ஸாமினர் நேர்ல வைக்கிற கடைசித் தேர்வுல, வாய்மொழிப் பகுதியில (ஓரல்) இதே பாடம் திரும்ப வருது, அங்க ஆப்ஷன் கிடையாது. "லேண்டிங் சொதப்புனா எப்பவும் காத்து மேலயே பழி போடுற ஸ்டூடண்ட்ட என்ன பண்ணுவீங்க?"ன்னு எக்ஸாமினர் கேட்டா, லிஸ்ட்ட மட்டும் மனப்பாடம் பண்ணவங்க 'புரொஜெக்‌ஷன்'னு (தன் தப்பை வேற எது மேலயோ போடுறது) பேரச் சொல்லிட்டு அதுக்கு மேல வார்த்தை வராம நிப்பாங்க.

ஏவியேஷன் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஹேண்ட்புக் எஃப்ஏஏ சைட்லயே ஃப்ரீயா கிடைக்குது. நடை கொஞ்சம் வறட்சிதான், இருந்தாலும் விஷயமெல்லாம் அதுலதான் இருக்கு. உளவியலாளர் தார்ன்டைக் வழியில வந்த கத்துக்கிற விதிகள்ல ப்ரைமசிய மட்டும் எடுத்துக்கோங்க, முதல்ல பதிஞ்சதுதான் நிக்கும்ங்கிறாங்க, ஆரம்ப கிளாஸ்ல வெளிய ஹொரைஸனப் பார்க்காம இன்ஸ்ட்ருமென்ட்டயே முறைச்சுப் பார்த்து ஓட்டிப் பழகுன ஸ்டூடண்ட்ட அப்புறம் வெளிய பார்க்க வைக்கிறதுக்குள்ள எவ்வளவு மணி நேரம், எவ்வளவு காசு போகும்னு யோசிச்சாலே அந்த விதி மண்டைல ஏறிடும். ரோட் (மனப்பாடம்), அண்டர்ஸ்டாண்டிங் (புரிஞ்சுக்கிறது), அப்ளிகேஷன் (செஞ்சு பார்க்கிறது), கோரிலேஷன்னு (மத்த விஷயத்தோட இணைச்சுப் பார்க்கிறது) கத்துக்கிறதுக்கு அந்தப் புக் சொல்ற நாலு படியில ஆப் நம்மள முதல் படியிலயே விட்டுடும்.

மூணாவது, சீனியர் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட உக்காந்து படிக்கிறது. இந்தப் பாடத்தப் படிச்சாச்சுன்னு இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்ல எழுதிக் கையெழுத்துப் போடுற எஃப்ஓஐ எண்டார்ஸ்மென்ட் எப்படியும் வாங்கணும், அதை வெறும் கையெழுத்தா வாங்காதீங்க. அவரை ஸ்டூடண்ட்டா உக்கார வெச்சு ஸ்டால் (இறக்கை தூக்கு விசைய இழக்கிறது) பாடம் எடுங்க, குறுக்குக் கேள்வி கேக்கச் சொல்லுங்க. எங்க நம்ம விளக்கம் ஓட்டையா இருக்குன்னு அப்பதான் தெரியும், வேற எந்த வழியிலயும் இது கிடைக்காது. ஆனா புக்கத் தொடாம அவர்கிட்டப் போனா அடிப்படை கேக்குறதுலயே காசு கரைஞ்சிடும்.

என்னைக் கேட்டா ஹேண்ட்புக்ல ஆரம்பிங்க, ஒவ்வொரு சாப்டரும் முடிய முடிய யாருக்காவது வாய்விட்டு விளக்குங்க, கொஸ்டின் பேங்க்க ரிட்டனுக்கு முந்தின கடைசி சில நாளுக்கு வெச்சுக்கோங்க. காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ஆப்ப விட்டுட்டு இன்ஸ்ட்ரக்டருக்குக் குடுங்க.