வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்ட்: ஒரு அகதி முகாம்ல வளர்ற ரெண்டு பசங்க கதை

வேற நாடு, வேற கலாச்சாரம்னு பத்து வயசு பிள்ளைங்களுக்கு புக் தேடினா பாதிக்கு மேல பண்டிகை, சாப்பாடு, டிரெஸ்ஸு இதோடயே முடிஞ்சிருது, அந்த ஊர் பிள்ளை காலையில எந்திரிச்சா என்ன வேலை பாக்குது, யாரோட சண்டை போடுது, ராத்திரி எத நினைச்சு பயப்படுதுன்னு ஒண்ணும் தெரியமாட்டேங்குது. அதெல்லாம் முழுசா உள்ள புக் இது. விக்டோரியா ஜேமிசனும் ஒமர் மொஹமதும் சேர்ந்து செஞ்ச கிராஃபிக் நாவல், 2020ல வந்துச்சு, அமெரிக்காவோட நேஷனல் புக் அவார்டு இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு. இருநூத்தம்பது பக்கத்துக்கு மேல இருக்கு, ஆனா படம்ங்கிறதால பிள்ளைங்க மளமளன்னு போயிடுவாங்க.

கதை ஒமரோட சொந்த கதை. சோமாலியா உள்நாட்டுப் போர்ல அப்பாவ கொன்னுடுறாங்க, அம்மா எங்க போனாங்கன்னே தெரியல, சின்ன பையன் ஒமர் தன் தம்பி ஹசன கூட்டிக்கிட்டு கென்யாவுல இருக்கிற டடாப் முகாமுக்கு வந்து சேர்றான். ஹசனுக்கு பேச்சு வராது, வலிப்பு வரும், அவன் வாயில வர்ற ஒரே சொல் "ஹூயோ", சோமாலில அம்மான்னு அர்த்தம். பக்கத்து கூடாரத்துல இருக்கிற ஃபாத்துமாங்கிற வயசான அம்மாதான் ரெண்டு பேரையும் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, போர்க் காட்சிய காட்டி அழ வைக்க முயற்சியே பண்ணல. முகாம்ல வாழ்றதுன்னா முக்காவாசி நேரம் காத்திருக்கிறதுதான்னு பக்கம் பக்கமா காட்டுறாங்க. தண்ணிக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை, அடுத்த ரேஷன் வர்றதுக்கு முன்னாடி வீட்ல ஒண்ணுமே இல்லாத நாளுங்க, அப்புறம் வேற நாட்ல குடியேத்துறதுக்குன்னு ஐநா ஆளுங்க ஒட்டுற பட்டியல்ல நம்ம பேர் இருக்கான்னு கூட்டத்துல இடிச்சுக்கிட்டு பாக்குறது. பேர் வந்தாலும் உடனே போயிட முடியாது, இன்டர்வியூ, அப்புறம் இன்னொரு இன்டர்வியூ, நடுவுல வருஷக்கணக்கா ஒரு தகவலும் கிடையாது. இதுக்கு நடுவுல பசங்க பிளாஸ்டிக் பைய சுத்தி பந்து பண்ணி விளையாடுறாங்க, சிரிக்கிறாங்க, பரிட்சைக்கு பயப்படுறாங்க.

ஸ்கூலுக்கு போறதா வேண்டாமான்னு ஒமர் தவிக்கிற இடம்தான் புக்கோட உயிர். போனா தம்பிய யாரு பாத்துக்கிறது, போகலன்னா வாழ்க்கை பூரா இந்த முகாம்தானா, பதினோரு வயசு பையன் தலையில இவ்ளோ பெரிய கேள்விய வச்சிட்டு அதுக்கு சுலபமா ஒரு பதில் சொல்லாம விட்டிருக்காங்க பாருங்க, அதுக்கே இந்த புக்குக்கு மரியாதை குடுக்கணும். பொண்ணுங்க நிலைமையும் வருது. வீட்டு வேலை எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்தும் வகுப்புல நல்லா படிக்கிற ஒரு பொண்ண பாதியில நிறுத்தி கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க. எனக்கு அந்த பக்கங்கள தாண்டி போக கொஞ்ச நேரம் ஆச்சு.

என் பொண்ணு படிக்கும்போது கேட்டா, "ஏம்மா, அவங்க வெளிய போய் ஒரு வேலை பாத்து வாடகை வீட்ல இருக்கலாம்ல?" நல்ல கேள்வி, புக் இத ரொம்ப விளக்கல, நம்மதான் சொல்லணும். கென்யால அகதிங்க அனுமதிச் சீட்டு இல்லாம முகாம விட்டு போகக்கூடாது, இஷ்டத்துக்கு வேலைக்கும் சேர முடியாது. டடாப் 1991ல 90,000 பேருக்குன்னு ஆரம்பிச்ச இடம், 2011 பஞ்சத்தப்ப நாலு லட்சத்த தாண்டிருச்சு. அங்கயே பொறந்து அங்கயே பிள்ளை பெத்தவங்க இருக்காங்க. இத சொல்லிட்டு இருக்கும்போதே ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் அகதி முகாம பத்தி பேசாம இருக்க முடியல. 1983க்கு அப்புறம் இலங்கைலேர்ந்து வந்தவங்களுக்கு தமிழ்நாட்ல நூத்துக்கும் மேல முகாம் இருக்கு, இங்கயே பொறந்து நம்ம பிள்ளைங்க படிக்கிற அதே பாடத்த படிக்கிற பசங்க அதுல இருக்காங்க, 2021ல அதுக்கு மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தினாங்க. ஒமர் கதைய படிச்ச பிள்ளைக்கு இத தனியா புரிய வைக்க வேண்டியதில்ல, அவளே ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சிட்டா.

குறைன்னு சொன்னா, முகாம்ல இவ்ளோ நிதானமா போன கதை அமெரிக்கா போனதுக்கு அப்புறம் நடந்தத பின்னுரைல போட்டோவோட சுருக்கமா சொல்லி முடிச்சிருது. புது ஊர்ல ஹசன் எப்படி பழகினான், ஒமர் முதல் வேலைக்கு எப்படி போனான், இதெல்லாம் எனக்கு இன்னும் வேணும்போல இருந்துச்சு. ஆனா அந்த பின்னுரைய படிக்காம விட்றாதீங்க, முக்கியமான சேதி ஒண்ணு அதுலதான் இருக்கு, நான் இங்க சொல்லமாட்டேன். இங்கிலீஷ் சுலபம்தான், தமிழ் மீடியம் பிள்ளைங்கன்னா பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காந்து படிச்சா போதும். எட்டு வயசுக்கு கீழ வேண்டாம்.

இது பிடிச்சு போச்சுன்னா அடுத்து தன்ஹா லாய் எழுதின இன்சைட் அவுட் அண்ட் பேக் அகைன் எடுங்க. 1975ல வியட்நாம் போர் முடிவுல சைகான் நகரம் விழுந்தப்ப கப்பல் ஏறி அமெரிக்காவுல அலபாமா போய் சேர்ற பத்து வயசு பொண்ணு கதை, முழுக்க சின்ன சின்ன கவிதையா இருக்கும், ஒமர் புக்ல விட்டுப்போன அந்த "போய் சேர்ந்ததுக்கு அப்புறம்" அதுல நல்லா வந்திருக்கு. புது ஸ்கூல்ல இங்கிலீஷ் தெரியாததால நம்மள முட்டாள்னு நினைக்கிறாங்களேன்னு அந்த பொண்ணு கொதிக்கிற பக்கங்கள வேற மாநிலத்துலேர்ந்து வந்து இங்க ஸ்கூல்ல சேர்ந்த பிள்ளைங்க இருக்கிற வகுப்புல சத்தமா படிச்சு காட்டணும். டீச்சருங்க யாராவது இத பாத்தீங்கன்னா செஞ்சு பாருங்க.