பாப் டிலனின் 'டிரபிள் நோ மோர்': விசுவாசக் காலத்தின் மேடைப் பதிவுகள்

யூதக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, 1979இல் 'ஸ்லோ டிரெயின் கமிங்' இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அன்று தொடங்கி 1981 வரையிலான மேடைப் பதிவுகளையும் ஒத்திகைகளையும் திரட்டி 2017இல் வெளிவந்த 'டிரபிள் நோ மோர்' என்ற இந்தப் பெட்டித் தொகுப்பில் எட்டுக் குறுந்தகடுகளும் ஒரு டிவிடியும் உள்ளன.

மேடைப் பதிவுகளே இதன் உயிர். ஸ்டுடியோவில் சற்று அடங்கி ஒலித்த பாடல்கள், ஜிம் கெல்ட்னரின் டிரம்ஸ் உந்த, பாடகியரின் கோரஸ் வரிக்கு வரி மறுமொழி சொல்ல, கறுப்பினத் தேவாலயங்களின் ஆராதனைச் சூட்டை எட்டுகின்றன. 'ஸ்லோ டிரெயின்' பலமுறை இடம்பெற்றாலும் சலிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதன் நடை மாறுகிறது. 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சேண்ட்' பாடலிலோ தீர்ப்புரைக்கும் குரல் தணிந்து, பாவ உணர்வும் ஐயமும் நம்பிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. கடவுளின் தீர்ப்பைச் சொல்லி எச்சரிக்கும் மற்றப் பாடல்கள் அனைத்தையும்விட இதுவே என்னை அசைத்தது.

பெருங்குறை ஒன்றுண்டு. பாடல்களுக்கிடையே டிலன் செய்த நீண்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் விடுபட்டுள்ளன; டிவிடியிலுள்ள படத்தில், புதிதாக எழுதப்பட்ட பிரசங்கங்களை நடிகர் மைக்கேல் ஷானன் நிகழ்த்துகிறார். நடிப்பு நன்றுதான், ஆனால் முணுமுணுத்த கூட்டத்தை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசிய அந்த மனிதரையே கேட்க விரும்புவோருக்கு இது ஈடாகாது. இவ்வளவு தேவையில்லை எனக் கருதுவோருக்கு, மேடைப் பதிவுகள் மட்டும் அடங்கிய இரண்டு குறுந்தகட்டுப் பதிப்பே போதும்.