பெல்ஃபாஸ்டில் ஒரு மாலை: கிரவுனா, கெல்லிஸா?

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மையத்தில் ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், அங்குள்ள இரண்டு பழைய மதுக்கூடங்களில் எதற்குப் போவது: கிரவுன் லிக்கர் சலூனா, கெல்லிஸ் செல்லர்ஸா?

கிரவுன் கண்ணுக்கு விருந்து. விக்டோரியா காலத்து ஓடுகள், கேஸ் விளக்குகள், கதவு வைத்த 10 மர அறைகள். அறைக்குள் தீக்குச்சி உரசுவதற்கென்றே பதித்த உலோகத் தகடு, பரிமாறுபவரைக் கூப்பிட மணி. 1978 முதல் பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. ஆனால் கூட்டத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

கெல்லிஸ் 1720இல் தொடங்கியது. வெள்ளையடித்த சுவர், தாழ்ந்த கூரை, அவ்வளவுதான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சிக்கு முன், அதை நடத்திய ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்ற அமைப்பினர் கூடிப் பேசிய இடம் இது. படைவீரர்கள் தேடி வந்தபோது அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஹென்றி ஜாய் மெக்ராக்கன் பார் மேசைக்கு அடியில் ஒளிந்தார் என்றொரு கதையும் உண்டு. நம்புவது உங்கள் பாடு. ஃபிடில் (வயலின்) இசையோடு கின்னஸ் என்ற கறுப்பு பீர் குடிக்க என் ஓட்டு கெல்லிஸுக்கே. கிரவுனை மதியமே எட்டிப் பார்த்துவிடுங்கள்.