ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

வண்டியில் இரண்டு பேட்டரி: முன்னால் இன்ஜின் ஸ்டார்ட்டிங்குக்கு லெட் ஆசிட், பின்னால் ஃபிரிட்ஜுக்கு 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஓடும்போது பின் பேட்டரியையும் சார்ஜ் செய்ய எதை மாட்டுவது: வோல்டேஜைப் பார்த்து இரண்டையும் நேராக இணைக்கும் ரிலேயா, இடையில் நின்று கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜரா? ரிலே மலிவு, பெங்களூரு ஜே.சி. ரோட்டு வண்டி உதிரிபாகக் கடைகளில் சீக்கிரமே மாட்டிவிடுவார்கள். சிக்கல் வோல்டேஜில்தான். முழு சார்ஜில் லெட் ஆசிட் 12.7 வோல்ட்டில் ஓய்ந்திருக்கும், லித்தியம் 13.2-ல். 12.8-க்கு இறங்கினால்தான் விடும் ரிலே, இன்ஜினை அணைத்த பின்னும் ஒட்டியே நிற்கும். லித்தியத்தின் சார்ஜ் முன் பேட்டரிக்குக் கசியும்.

இதைவிட மோசம், காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டரை) முழுசாக இழுப்பது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஐடிலில் நின்றால் ஆல்டர்னேட்டர் ஃபேனுக்கு வேகம் இருக்காது; சூடேறி அதன் டயோடு கருகிவிடலாம்.

30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். விலை பல மடங்குதான்; ஆனாலும் இந்தக் கலப்புக்கு இதையே போடுங்கள். 16 சதுர மி.மீ. செம்புக் கேபிள், இரு பேட்டரி முனையிலும் ஒரு ஜாணுக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ்.

இரண்டுமே லெட் ஆசிட் என்றால் ரிலே போதும்.