சிக்கலான போதைப்பழக்கம்: எத்தனை பேர் என்பதை எப்படி மதிப்பிடுவது?

ஹெராயினைத் தொடர்ந்து பயன்படுத்துவோரும் ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரும் ஒரு நகரில் எத்தனை பேர் என்று தெரியாவிட்டால், சிகிச்சை மையங்களையோ தூய ஊசி வழங்கும் திட்டத்தையோ தேவைக்கேற்ப அமைக்க முடியாது. ஆனால், தண்டனைக்கும் அவமானத்துக்கும் அஞ்சி மறைந்து வாழும் இவர்களை நேரடியாக எண்ணிவிடவும் முடியாது.

வீடு வீடாகச் சென்று கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு, கஞ்சா போன்ற பரவலான பழக்கங்களுக்கு ஓரளவு பயன்படும். மேலே சொன்ன சிக்கலான பயன்பாடோ அரிதானது. ஆயிரத்தில் ஐந்து பேருக்கு அது இருப்பதாக வைத்துக்கொண்டால், 4000 பேரைக் கேட்டாலும் 20 பேர்தான் அகப்பட வேண்டும். அவர்களிலும் சிலர் சிறையிலோ தெருவிலோ இருப்பார்கள், வீட்டில் இருப்பவர்களோ உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். இந்த ஒரு முறையை மட்டும் நம்பித் திட்டமிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பெருக்கி முறை. ஓராண்டில் 500 பேர் சிகிச்சை பெற்றிருக்க, பயன்படுத்துவோரில் கால்வாசிப் பேரே சிகிச்சைக்கு வந்ததாகத் தனி ஆய்வொன்று காட்டினால், மொத்தம் 2000 பேர். எளிய, செலவு குறைந்த வழிதான். ஆனால் அந்தத் தனி ஆய்வுக்கான ஆட்களைச் சிகிச்சை மையத்தின் வாசலிலேயே திரட்டியிருந்தால், கால்வாசி என்பது பாதியாகி, மதிப்பீடு 1000 ஆகச் சுருங்கிவிடும். இறப்பு எண்ணிக்கையை இறப்பு விகிதத்தால் வகுத்துக் கணக்கிடுவதிலும் இதே சிக்கல் உண்டு: ஃபென்டனில் என்னும் மிக வலிய போதைப்பொருள் கலந்த சரக்கு புழக்கத்துக்கு வந்து இறப்பு விகிதம் உயர்ந்த பிறகும் பழைய விகிதத்தாலேயே வகுத்தால், எண்ணிக்கை பொய்யாகப் பெருகும்.

மீன்களை ஆராய்ந்த பீட்டர்சன் 1896-இலும், நீர்ப்பறவைகளை ஆராய்ந்த லிங்கன் 1930-இலும் கையாண்ட பிடித்து மீளப்பிடிக்கும் முறை, இவற்றைவிட நுட்பமானது: முதலில் பிடித்து அடையாளமிட்டவற்றில் எத்தனை இரண்டாம் முறையும் அகப்படுகின்றன என்பதிலிருந்து மொத்தத்தைக் கணிப்பது. இங்கே பிடிப்புக்குப் பதில் பட்டியல்கள். சிகிச்சைப் பட்டியலில் 400 பேர், காவல்துறைப் பட்டியலில் 300 பேர், இரண்டிலும் 60 பேர் என்றால், 400-ஐ 300-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க 2000 கிடைக்கும். இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தின் மீதே இக்கணக்கு நிற்கிறது. கைதானவர்களைக் காவல்துறையே சிகிச்சைக்கு அனுப்பும் வழக்கம் இருந்து, பொதுவானவர்கள் 100 ஆகிவிட்டால், விடை 1200 ஆகக் குறையும். மாறாக, பெயரின் முதலெழுத்தையும் பிறந்த தேதியையும் கொண்டே ஆட்களைப் பொருத்துகையில், ஒரு பட்டியலில் பிறந்த நாள் 12 என்றும் மற்றொன்றில் 21 என்றும் பதிந்த பிழைகளால் பத்துப் பேர் தவறிப்போனால், விடை 2400 ஆக உயரும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பட்டியல்கள் இருந்தால், அவற்றுக்கிடையேயான சார்பைப் புள்ளியியல் மாதிரிகளால் ஓரளவு சரிசெய்யலாம். எல்லாப் பட்டியல்களையும் ஒருசேரப் பிணைக்கும் சார்பு மட்டும் அப்போதும் பிடிபடாது.

கழிவுநீர்ப் பகுப்பாய்வு ஊரில் கரைந்த போதைப்பொருளின் அளவைத்தான் சொல்லும், ஆட்களின் எண்ணிக்கையை அல்ல. தினமும் பயன்படுத்தும் ஒருவரையும் எப்போதாவது பயன்படுத்தும் பலரையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஆயினும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் போக்கைக் காண இதைவிட விரைவான வழி அரிது.

என் தேர்வு இதுதான்: கவனமாகப் பொருத்திய மூன்று பட்டியல்கள் இருந்தால் மீளப்பிடிக்கும் முறை, இல்லையேல், வெவ்வேறு தரவுகளிலிருந்து பெற்ற இரண்டு மூன்று பெருக்கி மதிப்பீடுகளை அவற்றின் கீழெல்லை, மேலெல்லையோடு அருகருகே வெளியிடுவது. இரண்டே பட்டியல்களிலிருந்து பெற்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு சிகிச்சை மையத்தைத் திறக்கவோ மூடவோ முடிவெடுக்கக் கூடாது.