9 அங்குலச் சுவரில் நாய்க்கு வழி: 3 மழைக்காலத்துக்குப் பிறகு

நாய்க்கதவு வாங்கும்போது எல்லோரும் ஃபிளாப்பைத்தான், அதாவது நாய் தள்ளிக்கொண்டு நுழையும் ஆடும் மடலைத்தான், தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். 3 மழைக்காலம் கழித்துப் பார்த்தால், வீட்டுக்குள் தண்ணீர் வருவதையும் வராததையும் முடிவு செய்வது சுவருக்குள் ஓடும் அந்தக் குறுகிய பாதைதான். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மரக்கதவின் பலகையில் பொருத்தச் செய்தவை. நம் வெளிச்சுவர் செங்கல் 9 அங்குலம், இரு பக்கப் பூச்சோடு 10 அங்குலத்துக்கு மேல். நடுவில் உள்ளதை நாம்தான் கட்ட வேண்டும்.

தோள் உயரம் 20 அங்குலம் உள்ள நாட்டு நாய்க்கு 10 அங்குல அகலம், 15 அங்குல உயரத் திறப்பு சரியாக இருக்கும். அடிவிளிம்பு உள்தரையிலிருந்து 7 அங்குலம்; அப்போது மேல்விளிம்பு தோளுக்கு 2 அங்குலம் மேலே நிற்கும். சன்ஷேடோ போர்டிகோவோ மேலே இருக்கும் சுவராகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகைச் சாரல் நேராக அடிக்கும் வடகிழக்குச் சுவர் வேண்டாம். மூலைத் தூணிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் 2 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் மின்வயர் பைப் ஓடும். அங்கே கை வைக்காதீர்கள். வேலை முடியும்வரை அந்தச் சுவரில் ஓடும் லைனை அணைத்துவிடுங்கள்.

முதலில் லிண்டல் (துளைக்கு மேலே உள்ள செங்கல்லைத் தாங்கும் கான்கிரீட் கட்டை), அப்புறம்தான் துளை. 3 அங்குல கனத்தில், 2 அடி நீளத்தில், இரண்டு 10 மி.மீ. கம்பி போட்டு ஒரு வாரம் முன்பே வார்த்து நனைத்து வைக்க வேண்டும். மேல்வரிசைச் செங்கல்லை மட்டும் எடுத்து அதை ஏற்றி, மேலே இடைவெளி விடாமல் கலவையை இறுக்கி அடைத்து, கலவை நன்றாக இறுகிய பிறகு கீழே உடைக்கலாம். நான்கு மூலையிலும் ட்ரில்லின் நீள பிட்டால் மறுபக்கம் வரை துளைத்துக்கொண்டால் உள் கோடும் வெளிக் கோடும் விலகாது. 4 அங்குல கட்டிங் மெஷின் ஓர் அங்குலம்தான் இறங்கும். ஆனாலும் இரு பக்கமும் அறுத்தே ஆக வேண்டும். அறுக்காமல் உளி வைத்தால் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். உள்ளே பதிக்கும் கல்லும் கலவையும் போக 10-க்கு 15 மிஞ்ச, துளை 12½-க்கு 17½ அங்குலம்.

இனிதான் முக்கியமான இடம். உள்ளே வெறும் பூச்சு மட்டும் பூசினால் முதல் மழையிலேயே ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளிக்கும். முக்கால் அங்குலக் கடப்பா கல் நான்கு துண்டு போடுங்கள். அடிக்கல்லை முதலில், வெளிப்பக்கம் அரை அங்குலம் சரிவாக வைத்து, அதன் மேல் பக்கக் கற்களை நிறுத்த வேண்டும். பக்கக் கல்லை இறக்கிவிட்டு நடுவில் அடிக்கல்லைச் செருகினால், வழியும் தண்ணீர் அந்த இணைப்பு வழியாகச் சுவருக்குள் போய்விடும். அடிக்கல் வெளியே ஓர் அங்குலம் நீட்டியிருக்கட்டும். நீட்டிய பகுதியின் அடியில் மெஷினால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மழை நாளில் குனிந்து பார்த்தால் தெரியும்: துளி அந்தக் கோடு வரை ஊர்ந்து வந்து, தாண்ட முடியாமல் சொட்டிவிடும். கோடு இல்லாவிட்டால் அதே துளி கல்லின் அடியோடு ஓடிச் சுவரை நனைக்கும்.

கல்லுக்கும் செங்கலுக்கும் நடுவே பொந்து விட்டால் எறும்பு குடியேறும். இணைப்புகளை அடைக்கும் சிலிக்கோன் பசை போடுமுன் தூசியை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தூசி மேல் போட்டது சில மாதத்தில் நாடா போல உரிந்து வரும்.

ஃபிளாப் இரண்டு வேண்டும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மேற்கு வெயில் படும் வெளி ஃபிளாப் மஞ்சளாகி, விறைத்து, ஓரம் வளைந்துவிடும். அப்புறம் ஃபிளாப்பை மூடி வைக்கும் அடிவிளிம்புக் காந்தம் ஒட்டாது. அதே அளவில் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. அடிக்காந்தத்தில் முடியும் மணலும் சேரும், வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். நாயின் விலா உரசி உரசிப் பக்கக் கல்லில் எண்ணெய்க் கறை படியும். சோப்புத் தண்ணீரில் போய்விடும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்தக் கறை போகவே போகாது. இரவில் திறப்பை அடைக்கும் பூட்டுப் பலகையைக் கட்டாயம் இறக்குங்கள், பாம்பும் எலியும் வரும் வழியும் அதுதான்.

வெளிப்படியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அஸ்திவாரம் 18 அங்குலம் உயர்ந்த வீட்டில், அடிவிளிம்பு வெளித்தரையிலிருந்து 25 அங்குலம். இளம் நாய் தாவிவிடும், ஆனால் தினமும் பத்து முறை குதித்தால் இடுப்புக்கும் முன்கால் மூட்டுக்கும் கெடுதல். 2 அடி அகலத்தில் நடுவில் ஒரு படி, வாசலை ஒட்டி நாய் நின்று தலையை நுழைக்க ஒரு மேடை. மேடையின் மட்டம் அடிக்கல்லுக்கு 6 அங்குலம் கீழே இருக்கட்டும், சுவரை விட்டுச் சரியட்டும். 8 வயதுக்கு மேல் உள்ளே இறங்கும் 7 அங்குலமும் நாய்க்குக் கஷ்டம்தான். அந்தப் பக்கம் 3½ அங்குல உயரத்தில் ஒரு பலகை போட்டு, மேலே சாக்கு ஒட்டிவிடுங்கள், கால் வழுக்காது.