காம்போ மெஷினா, தனித்தனியாக இரண்டா? சிறிய வெண்டிங் தொழிலுக்கு எது தோது

தின்பண்ட வெண்டிங் தொழிலில், அதாவது பணம் செலுத்தினால் பொருளைத் தானே தரும் மெஷின்களை இடம் பிடித்து வைத்து நடத்தும் தொழிலில், இறங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். சிப்ஸ், சாக்லேட், குளிர்பானம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ மெஷின் வாங்குவதா, தின்பண்டத்துக்கு ஒன்று பானத்துக்கு ஒன்று என்று இரண்டாக வாங்குவதா? நான் இரண்டு மெஷின் பக்கம் போனவன். இரண்டும் பழுது பார்த்துப் புதுப்பித்த பழைய மெஷின்கள். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காம்போவின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதி இடம் போதும், ஒரு பிளக் பாயின்ட் போதும், ஒரே கார்டு ரீடர், அதற்கு ஒரே மாதக் கட்டணம். இடம் கொடுப்பவரிடம் பேசும்போதும் "ஒரு மெஷின்தான் சார்" என்று சொல்வது சுலபம். இரண்டு மெஷின் என்றால் கிட்டத்தட்ட 2 மீட்டர் சுவர் கேட்க வேண்டியிருக்கும். கார்டு ரீடர் விஷயத்தில் மட்டும் ஒரு வழி உண்டு: ஒரு மெஷினை மற்றதன் கட்டுப்பாட்டில் ஓடுகிற மாதிரி இணைத்து, பணம் வாங்கும் வேலையை ஒன்றிலேயே வைத்துக்கொள்ளும் மாடல்கள் இருக்கின்றன. எல்லா மாடலும் அதற்கு ஒத்துவராது. வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை. சரக்கு நிரப்ப எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பதுதான்.

விற்பவர்கள் மொத்தக் கொள்ளளவைச் சொல்லித்தான் விற்பார்கள். "இத்தனை பாக்கெட், இத்தனை பாட்டில் பிடிக்கும்" என்பார்கள். அந்த எண்ணால் பெரிய உபயோகம் இல்லை. மெஷினுக்கு நீங்கள் எப்போது போக வேண்டும் என்பதை முடிவு செய்வது, அதிகம் விற்கிற அந்த ஒரு பொருளின் வரிசை எப்போது காலியாகிறது என்பதுதான். மற்ற வரிசைகள் நிரம்பி வழிந்தாலும், மக்கள் தேடி வருகிற பானம் இல்லையென்றால் அவர்கள் கண்ணுக்கு அது காலி மெஷின்தான். ரெண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாவது தடவை அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். காம்போவில் கீழ் இரண்டு தட்டு பானத்துக்கு, தட்டுக்கு 5 சுருள் (சுழன்று பொருளை முன்னால் தள்ளும் கம்பி), சுருளுக்கு 7 பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 70. ஒரு நாளைக்கு 20 பானம் போகிற இடம் என்றால் மூன்றரை நாள் தாங்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 20-இல் 8 ஒரே பானமாக இருக்கும். அதற்கு ஒரு சுருள் மட்டும் கொடுத்தால் முதல் நாள் சாயங்காலத்துக்குள் காலி. மூன்று சுருள் கொடுத்தால் 21 பாட்டில், இரண்டரை நாள். அப்படிக் கொடுத்ததால் பானத்தின் வகைகள் பத்திலிருந்து எட்டாகக் குறைந்தும் விட்டது.

இப்போது அதே விற்பனையைக் கேன்களாகத் தனிப் பான மெஷினில் பார்ப்போம். கேன்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முழு அளவு மெஷின்கள் சாதாரணமாக 400-க்கு மேல் பிடிக்கும். 9 வரிசை, வரிசைக்கு 50 என்று கொண்டால், அதிகம் போகிற பானத்துக்கு மூன்று வரிசை, அதாவது 150 கேன். 18 நாளுக்கு மேல் ஓடும். மிச்சம் 6 வரிசையில் 300 கேன், ஒரு நாளைக்கு 12 வீதம் 25 நாள். பானம் தீர்ந்துவிடுமோ என்ற பயமே போய்விடுகிறது. தின்பண்ட மெஷினில் நன்றாகப் போகிற சிப்ஸுக்கு இரண்டு சுருள் கொடுத்தால் அதுவும் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். ஆக, வாரத்துக்கு ஒரு நடை.

ஒரே இடம் வைத்திருக்கிற வரைக்கும் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஐந்து இடம் ஆகும்போது தெரியும். காம்போ என்றால் வாரத்துக்கு மூன்று முறை வீதம் 15 நடை; இரட்டை மெஷின் என்றால் 5. வேறு வேலை பார்த்துக்கொண்டே இதை நடத்துகிறவருக்குத் தொழில் வளர்வதா அப்படியே நிற்பதா என்பதை இந்தப் பத்து நடைதான் முடிவு செய்யும். எரிபொருள் செலவை யாராவது கணக்கில் எழுதுவார்கள், சொந்த நேரத்தை எழுதவே மாட்டார்கள்.

கார்டு ரீடர் வழியாக விற்பனைத் தகவல் போனுக்கு வந்துவிடுகிறதே, பிறகு என்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். எந்த வரிசை தீர்ந்தது என்று பார்த்து, தேவையானதை மட்டும் பையில் கட்டி எடுத்துப்போக அது ரொம்பவே உதவும். வீண் நடையை அது மிச்சப்படுத்தும். ஆனால் 21 பாட்டில் பிடிக்கிற இடத்தில் 22-ஆவதை வைக்க அதனால் முடியாது.

பழுது விஷயத்திலும் நான் இரண்டு மெஷின் பக்கமே. அடிக்கடி தகராறு செய்வது பெரும்பாலும் பணம் வாங்கும் பகுதிதான்: நோட்டை இழுக்கும் பெல்ட்டில் அழுக்கு, நாணயம் சிக்கிக்கொள்வது. இதெல்லாம் எந்த மெஷினிலும் வரும். ஆனால் கன்ட்ரோல் போர்டு போனால் காம்போவில் தின்பண்டமும் பானமும் சேர்ந்து நின்றுவிடும். என் ஏற்பாட்டில் ஒன்று படுத்தாலும் மற்றது விற்றுக்கொண்டிருக்கும். (ஒரே கார்டு ரீடரில் இரண்டையும் இணைத்திருந்தால் இந்தச் சாதகம் பாதி போய்விடும். நான் இணைக்காததற்கு அதுதான் காரணம்.) குளிரூட்டும் பகுதியைப் பொறுத்தவரை, பழைய பான மெஷின்கள் பலவற்றில் கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதியாக அடியில் இருக்கும். அப்படியே வெளியே இழுத்து, வேறொன்றை உள்ளே தள்ளிவிடலாம். காம்போக்களிலும் சிலவற்றில் இந்த வசதி உண்டு. இல்லாத மாடல் என்றால் மெஷின் நிற்கிற இடத்துக்கே மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். புது மெஷின்களில் குளிரூட்டும் வாயுவாக ஆர்-290 என்ற புரொப்பேன் வருகிறது. பழைய ஆர்-134ஏ-வைவிடச் சூழலுக்கு எவ்வளவோ மேல், ஆனால் தீப்பற்றக்கூடியது. பயிற்சி பெற்றவர் அல்லாமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. எந்த மெஷினானாலும் கண்டென்சரில் படியும் தூசியைத் தவறாமல் சுத்தம் செய்தாலே கம்ப்ரசர் பிரச்சினை பாதி குறையும்.

இரட்டை மெஷினின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். தின்பண்ட மெஷினில் குளிரூட்டல் இல்லையென்றால் வெயில் காலத்தில் சாக்லேட்டை மறந்துவிட வேண்டியதுதான். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதற்கு முன்பே சாக்லேட் மென்மையாகி, மேலே வெள்ளை படிந்து பார்க்கச் சகிக்காது. சாண்ட்விச் மாதிரிக் கெட்டுப்போகிற உணவும் வைக்க முடியாது. அதற்குக் குளிரூட்டிய மெஷின் வேண்டும். உள்ளே வெப்பம் அளவு தாண்டினால் அந்த உணவின் விற்பனையைத் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். அடுக்கு மெஷினில் கேனிலிருந்து பாட்டிலுக்கு மாறினால் வரிசைக்குள் இருக்கும் இடைத்தகடுகளை மாற்றி அளவு சரிசெய்ய வேண்டும். எரிச்சலான வேலை. சுருள் மெஷினில் எந்த வடிவமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பாரமும் சும்மா இல்லை. 330 மில்லி கேன் ஒன்று சுமார் 350 கிராம். நாளைக்கு 20 வீதம் ஒரு வாரத்துக்கு 140 கேன் என்றால் ஏறக்குறைய 50 கிலோ. தள்ளுவண்டி இல்லாமல் இந்தத் தொழில் ஆகாது. மெஷின்களும் ஒவ்வொன்றும் 200, 300 கிலோ. வாசல் அகலத்தை அளக்காமல் லாரி பேசாதீர்கள்.

வளர்கிற காலத்தில் எனக்குப் பிடித்தது, ஜோடியைப் பிரிக்க முடிவதுதான். ஒரு இடத்தில் பானம் போகவில்லையா, பான மெஷினை மட்டும் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். காம்போவில் பாதியை அறுத்து எடுத்துப்போக முடியாது.

அப்படியானால் காம்போ வேண்டவே வேண்டாமா? 30, 40 பேர் மட்டும் இருக்கிற சின்ன இடத்துக்கு நானே அதைத்தான் வைப்பேன். நாளைக்கு ஐந்தாறு பானம் போகிற இடத்தில் 400 கேன் மெஷின் வைத்தால் சரக்கில் போட்ட பணம் உள்ளேயே தூங்கும், கேன்களின் காலாவதி தேதியும் துரத்தும். அங்கே காம்போவே ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். எந்த எண்ணிக்கையில் கோடு கிழிப்பது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஷிப்டு வேலை நடக்கிற இடத்தில் ஆள் குறைவாக இருந்தாலும் விற்பனை எகிறும். கதவைத் திறந்து எடுத்துக்கொள்ள, கேமரா கணக்குப் பார்க்கும் ஸ்மார்ட் பிரிட்ஜ்களும் இப்போது போட்டிக்கு நிற்கின்றன. நான் நடத்திப் பார்க்காததால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள், எந்தப் பக்கமானாலும், எம்.டி.பி. இணைப்பு (பணம் வாங்கும் கருவிகளை மெஷினோடு இணைக்கும் பொதுவான முறை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்றைய கார்டு ரீடர்களில் பெரும்பாலானவற்றை மாட்ட முடியாது; போர்டு மாற்றுகிற செலவில் விலைக் குறைவெல்லாம் கரைந்துவிடும். பிறகு, பிளக்கில் மாட்டி சில மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே தெர்மாமீட்டர் வைத்துக் குளிர் இறங்குகிறதா என்று பாருங்கள். "நேற்றுவரை நன்றாக ஓடியது" என்று சொல்லி பிளக் போட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.